பொறியும் பொறுப்பும்

உலகில் தோன்றிய எக்கருவியும் தானே நன்மை செய்ததுமில்லை. தானே தீமை செய்ததுமில்லை. ஏரும் எழுத்தாணியும் அச்சுப்பொறியும் அவற்றைக் கையாண்டாரின் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் ஏற்பவே பயன் தந்தன. இன்று வணிகத்தையும் ஆட்சியையும் தன்வயப்படுத்திவரும் கணினிக்கும் இவ்விதி பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. ஏர் பழுதுற்றால் ஓர் உழவனின் ஒரு நாள் உழைப்புக் கெடும். ஒரு தாபனத்தின் கணினி பழுதுற்றாலோ, அதனை நம்பியிருக்கும் பல்லாயிரவரின் கூலியும் சேமிப்பும், சிலவேளை மானமும், ஒருங்கே கெடும். ஆதலின் இக்கருவியைக் கொணர்ந்து நிறுவி நடத்தும் தலைவர்கள் எத்தகையராய் இருத்தல் வேண்டும் என்பது பொறியியலாளர் மட்டும் ஆராயவேண்டிய பொருளன்று. நாம் அனைவரும் ஆராயவேண்டிய பொருளாகும்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இத்துறையிற் பேச யாது உரிமை என்று சிலர் வினவக்கூடும். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல்; 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். ஆளை ஆராய்ந்து தேர்வதும், தேர்ந்தபின் வினையை அவரிடம் முறையாக ஒப்படைப்பதும் அவற்றின் பொருள். கணினி புதியது, அதனை யாரிடம் ஒப்படைப்பது என்னும் வினா மிகப் பழையது. அன்றியும், எம்மிடம் ஏடு பயின்று சென்ற மாணவர் பலர் இன்று வங்கிகளிலும் கந்தோர்களிலும் கடைகளிலும் கணினித் திரையின் முன்னரே தம் வாழ்நாளைக் கழிக்கின்றனர். அவர்களின் நன்மை தீமையைப் பற்றிப் பேசும் உரிமை ஆசிரியர்க்கு என்றும் உண்டு.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். தகவல் தொழினுட்பத் தலைவர் ஒருவரை அவர் வாங்கி நிறுவிய பொறிகளின் சிறப்பைக் கொண்டு அளத்தல் தகாது. அப்பொறி பழுதுறும் நாளில் அவர் எதனைக் காத்துத் தந்தார், யாருக்கு விடையிறுத்தார் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். பொறியை அறிந்தவர் பலர்; பொறுப்பை ஏற்பவர் சிலர். அச்சிலரே தலைவராதற்கு உரியர்.

எமது ஊரின் தொழில்களே இதற்கு நல்ல பாடம். பாலாவியிலும் புத்தளத்துக் கடனீரேரிக் கரையிலும் உப்பு விளைவதைக் கண்டோர் அறிவர்: உவர்நீரை நேரே விளைபாத்தியில் விடுவாரில்லை. முதலில் தேக்கத்தில் நிறுத்துவர். பின்னர் பாத்திக்குப் பாத்தி படிப்படியாகச் செலுத்துவர். போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகை வந்த பின்னரே அந்நீர் உப்பாய் உறையும். முந்தி விட்டால் ஜிப்சம் கலக்கும். கழிநீரை வடிக்காது பிந்தினால் மகனீசிய உப்புக்கள் சேர்ந்து கசக்கும். வெயிலும் நீரும் இயற்கை தருவன. எப்பொழுது மடை திறப்பது, எப்பொழுது அடைப்பது என்னும் தீர்மானமோ மனிதனுடையது. கையேட்டிலிருந்து கணினிக்கும், ஒரு தொகுதியிலிருந்து வேறொரு தொகுதிக்கும் மாறுவதும் இத்தகைய தொழிலே.

இனி, பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையை நோக்குவோம். அருவக்காட்டிலிருந்து புகையிரதத்தில் வரும் சுண்ணக்கல், ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுழலும் சூளையில் வெந்து கட்டியாகின்றது. எரியும் சூளையை நினைத்தவுடன் நிறுத்துதல் இயலாது. நிறுத்தினால் சூளையே வளைந்து கெடும். வணிகமும் ஓடும் சூளை போன்றதே. கணக்கு மாறுகின்றதென்று வாடிக்கையாளரையும் கூலியாளரையும் ஒரு மாதம் பொறுத்திருக்கச் சொல்லுதல் எவ்வாறு? மேலும், அத்தொழிற்சாலை அரசுக் கூட்டுத்தாபனத்திலிருந்து தனியாரிடமும், பின்னர் சுவிற்சர்லாந்துக் கம்பனியொன்றிடமும், 2016ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்துக் கம்பனியிடமும் கைமாறியது. உரிமையாளர் மாறினாலும் தொழிலாளியின் சேவைக்காலக் கணக்கு மாறலாகாது. அக்கணக்கு ஏட்டில் இருப்பினும் கணினியில் இருப்பினும் அதனைக் காப்பவர் ஒருவர் வேண்டும்.

இலங்கையில் இத்துறைக்கு வழிகாட்டிய பெரியார்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க ஆவார். 1984ஆம் ஆண்டில் கணினி, தகவல் தொழினுட்பச் சபையாகிய ‘சின்டெக்’ சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தலைமையைப் பல்லாண்டுகள் தாங்கியவர் அவர். கணினிகள் பெருகும்வரை காத்திராது அவற்றை ஆளத்தக்க மனிதரை ஆக்க அவர் முனைந்தமையே எம் கவனத்துக்குரியது. 1987ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழினுட்ப நிறுவனம் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழகத்தினுள் இடம் பெறாத மாணவர்க்கும் இத்துறையின் வாயிலைத் திறந்தது. 2007ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் ஆக்கிய மனிதரோ நாடெங்கும் பணிபுரிகின்றனர். பொறியை முன்வைக்காது ஆளை முன்வைத்த தலைமை அது.

இத்தகைய தலைமையின் பயனை எமது வணிகரும் நேரிற் கண்டனர். முன்னர் வெளியூர்க் காசோலையொன்று பணமாகப் பல நாள்கள் சென்றன. தாளே ஊர்விட்டு ஊர் பயணஞ் செய்யவேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டில் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறையைக் கொணர்ந்தது. தென்னாசியாவில் இம்முறையை முதன்முதல் ஏற்றது இலங்கையே. பாலாவிச் சந்தியில் வங்கியிலிடும் காசோலையும் கொழும்பில் இடும் காசோலையும் ஒரே கதியில் தீர்வதாயின. இதன் வெற்றிக்குப் பொறி மட்டும் காரணமன்று. வங்கிகள் யாவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட இணங்கின. வழக்கத்துடன் சட்டமும் இசைந்தது. இவ்விணக்கத்தை உண்டாக்குவதே தலைவனின் வேலை.

பாக்குநீரிணைக்கு அப்பால் இந்திய வங்கிகளிற் கணினி புகுந்த வரலாறும் இதனையே கூறும். கணினி வந்தால் வேலை போகும் என்று வங்கி ஊழியர் அஞ்சினர்; அவ்வச்சம் காரணமற்றதன்று. 1983ஆம் ஆண்டில் வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேசி உடன்பாடொன்றுக்கு வந்தன. அதனையடுத்து, தமிழகத்தவரும் பொருளியலறிஞருமாகிய சி. இரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 1984ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. கிளையிலிருந்து தலைமையகம் வரை படிமுறையாகப் பொறிகளைப் புகுத்தும் நெறியை அது வகுத்தது. வேகம் போதாதென்று அன்று குறை கூறியோருமுளர். ஆயினும் மனிதரின் மனம் மாறுமுன் பொறியை மாற்றினால், பொறி ஒரு மூலையிலும் பழைய ஏடு மேசையிலுமாக இரண்டு கணக்குகள் ஓடும். இரண்டு கணக்கு ஓடும் இடத்தில் உண்மை ஒன்றிலும் இராது.

நல்ல வழி கண்டோம். தவறிய வழியும் காணல் வேண்டும். இங்கிலாந்தில் ரீ.எஸ்.பி. என்னும் வங்கி, 2018ஆம் ஆண்டு ஏப்பிரலில், ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் பழைய தொகுதியிலிருந்து புதியதற்கு ஒரு வாரவிறுதியில் மாற்றியது. தரவுகள் சென்று சேர்ந்தன, தொகுதியோ தாங்கவில்லை. ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் தம் பணத்தைத் தாமே அணுகமாட்டாது தவித்தனர். நிலைமை முற்றும் சீராக அவ்வாண்டு திசெம்பர் ஆயிற்று. 2022ஆம் ஆண்டில் மேற்பார்வை அதிகாரிகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்துக்கு மேற்பட்ட பவுண் தண்டம் விதித்தனர். அதனோடு அமையவில்லை. 2023ஆம் ஆண்டில், அம்மாற்றத்தின்போது தகவல் தொழினுட்பத் தலைமை அலுவலராயிருந்தவருக்குத் தனிப்பட 81,620 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பணியை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது ஆயத்தமாயிற்றா என்பதை அவர் போதியவாறு ஆராய்ந்து உறுதிசெய்யவில்லை என்பதே குற்றம்.

இத்தீர்ப்பு பெரிதும் சிந்திக்கத்தக்கது. வேலையைப் பிறருக்குக் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுத்தல் இயலாது. ‘மென்பொருள் தந்த கம்பனி சரியென்று சொல்லிற்று’ என்னும் விடை எந்த மேசையிலும் செல்லாது என்பதை அது நிலைநாட்டியது.

எமது நாட்டிலேயே நிகழ்ந்த கேடொன்றையும் மறைத்தலாகாது. 2023ஆம் ஆண்டு ஓகத்து மாத இறுதியில், அரசாங்கக் கந்தோர்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய பொது மேகத் தொகுதியினுள், கப்பம் கோரும் தீநிரலொன்று புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதி விரைவில் மீட்கப்பட்டது. ஆயினும் மே 17 முதல் ஓகத்து 26 வரையான கடிதங்களுக்குப் படி இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து மீளாது மறைந்தது. மென்பொருள் பழையது, அதனை ஆக்கியோரின் ஆதரவுக்காலம் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடிந்துவிட்டது. புதியதற்கு மாறும் திட்டம் முன்னரே இருந்தும் பணமுடையாலும் தீர்மானத் தாமதத்தாலும் அது நின்றது.

நாடு பொருளாதார நெருக்கடியில் அழுந்திய காலம் அது. பணமில்லை என்பது உண்மையே. ஆயினும், பணமில்லாதபோது எதனைக் கைவிடுவது, எதனைக் கைவிடலாகாது என்று தேர்வதற்கே தலைவர் வேண்டும். பணம் நிறைந்திருந்தால் எவரும் வாங்குவர். கூரை வேய வழியில்லாதவன் உறுதிப்பத்திரத்தையாவது நனையாத இடத்தில் வைப்பான். நாள்தோறும் எடுக்கப்படும் ஒரு படி, தொகுதியோடு தொடர்பற்ற வேறிடத்தில் இருந்திருப்பின், இழப்பு ஒரு நாளளவில் நின்றிருக்கும். அந்நிகழ்வின் பின்னரே அவ்வாறு படியெடுக்க ஏற்பாடாயிற்று.

இழந்த கடிதத்தைக் காட்டிலும் கொடியது இழந்த மானம். இங்கிலாந்தின் அஞ்சற் கந்தோர்களில் 1999ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்குத் தொகுதி புகுத்தப்பட்டது. அது இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டிற்று. பொறி பொய் சொல்லாது என்று மேலிடத்தார் கொண்டனர். அதன் சாட்சியத்தால் 2015ஆம் ஆண்டு வரையில் 900க்கு மேற்பட்ட உப அஞ்சலதிபர்கள் களவு, மோசடி, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். நம் தென்னாசியாவைப் பூர்வீகமாகக் கொண்டோரும் அவர்களுட் பலர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அத்தொகுதியின் குறைகளை உயர்நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டில் தண்டனைகளைத் துடைக்கத் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. கணக்கில் பிழையுண்டு என்று கிளையிலிருந்தோர் ஆண்டாண்டாகக் கூறினர். கேட்பதற்கு ஒரு தலைவர் இல்லை. எமது மாணவருள் நாளை ஒருவர் காசாளராய் அமர்ந்து, பெட்டியிலுள்ள பணமும் திரையிலுள்ள தொகையும் ஒவ்வாத மாலையொன்றில், ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்லவேண்டி வரலாம். அப்பொழுது அவர் சொல்லையும் பொறியின் சொல்லையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் மேலதிகாரி அவருக்கு வாய்த்தல் வேண்டும்.

தமிழர்க்கு இதில் மேலுமொரு தனிக் கவலையுண்டு. சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றொருவர் வேறொரு விதமாகவும் எழுதுவர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து. பழைய கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்த்து இருவரும் ஒருவரே என்று அறிந்தார். கணினியோ ஓரெழுத்து மாறினாலே இருவராகக் கொள்ளும். ஓய்வூதியத்துக்கும் சேமலாப நிதிக்கும் அலைந்து திரிவோரின் துன்பத்தில் ஒரு பங்கு இவ்வெழுத்து வேற்றுமையால் விளைவது. தமிழெழுத்திலேயே பெயரைப் பதிந்து வைத்தால் இக்குழப்பம் பெரிதும் தீரும். அதற்குப் பொறி தடையன்று: உலகப் பொதுக் குறிமுறையாகிய யுனிகோட்டில் 1991ஆம் ஆண்டு முதலே தமிழ் இடம்பெற்றுள்ளது. சட்டமும் தடையன்று: 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. குறைவது, ‘இத்தொகுதியில் தமிழ் எங்கே?’ என்று தொடக்கத்திலேயே கேட்கும் தலைவர் ஒருவரே. கட்டி முடித்த வீட்டில் பின்னர் வாயில் வெட்டுதல் கடினம். வரைபடம் போடும்போதே கேட்டல் வேண்டும்.

‘இவையெல்லாம் வங்கிகளுக்கும் அரசாங்கத்துக்கும் உரிய பேச்சு, பாலாவிச் சந்தியில் பலசரக்குக் கடை நடத்தும் எமக்கு என்ன?’ என்று பழைய மாணவர் சிலர் கருதலாம். சிறிய தாபனத்துக்கே இழப்பைத் தாங்கும் வலி குறைவு என்பதை அவர்கள் எண்ணல் வேண்டும். பெரிய வங்கி தண்டத்தையும் கட்டி நிலைத்து நிற்கும்; கடன் கணக்கைப் பறிகொடுத்த கடைக்காரன் எழுதல் அரிது. தலைமை அலுவலர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துமாறு யாம் சொல்லவில்லை. இதற்குப் பொறுப்பு இவர் என்று வீட்டிலோ கடையிலோ ஒருவரைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். கணக்கின் படியொன்றை நாள்தோறும் எடுத்து, கணினியோடு இணையாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அப்படியிலிருந்து கணக்கை மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத படி, எண்ணிப் பார்க்காத பணம் போன்றது. மென்பொருள் விற்போருடன் உடன்படும்போது, உடன்பாடு முடிந்தால் எம் தரவு எமக்கே மீளும் என்று எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லை ஒரு வேலையாள் மட்டும் அறிந்திருக்க விடாதீர்கள். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அவர்களது உடைமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் அவற்றை அலட்சியமாய் வைத்தல் அறமுமன்று, அறிவுமன்று.

பெருந்தாபனங்களில் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். தகவல் தொழினுட்பத் தலைவரைப் பழுது பார்ப்பவராக மட்டும் கருதிக் கீழ்மாடியில் இருத்தாதீர்கள். தீர்மானம் செய்யும் மேசையில் அவருக்கும் இடம் கொடுங்கள். ‘இன்னும் ஆயத்தமில்லை’ என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள். குறித்த நாளில் திறப்பு விழா நடக்கவேண்டும் என்னும் அவாவினால் பல கேடுகள் விளைந்துள்ளன. ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரமில்லாதவரிடம் பின்னர் ‘ஏன்?’ என்று கேட்பது நீதியன்று. அதிகாரமும் பொறுப்பும் ஒரே தோளில் இருத்தல் வேண்டும்.

ஈற்றில், வகுப்பிலிருக்கும் மாணவர்களே, உங்களுக்கு. கணினி கற்கின்றீர்கள், மகிழ்ச்சி. நிரல் எழுதும் வேலையின் பெரும்பகுதியை இன்று செயற்கை அறிவே செய்யத் தொடங்கிவிட்டது. ஆகவே பொறிக்குக் கட்டளை எழுதத் தெரிந்தவர் என்பதனால் மட்டும் எவரும் தலைவராகார். கணக்கைப் படித்துப் பொருள் காணவும், தெளிந்த கடிதம் வரையவும், கடைசி மேசையிலிருக்கும் எழுதுவினைஞரின் முறையீட்டைப் பொறுமையுடன் கேட்கவும், பிழை நேர்ந்தபோது பிறர் தலையில் ஏற்றாது முன்னின்று விடை கூறவும் வல்லவரே தலைவராவர். இவற்றுள் எதுவும் கணினி அறையில் மட்டும் கற்கப்படுவதன்று. மொழிப் பாடத்திலும் கணக்குப் பாடத்திலும், விளையாட்டுத் திடலிலும், மாணவர் மன்றத்திலும் கற்கப்படுவது. அவை எல்லாவற்றையும் இக்கல்லூரி உங்களுக்குத் தந்துகொண்டிருக்கின்றது.

நுரைச்சோலையில் மின் பிறக்கின்றது. பாலாவியில் சீமெந்தும் உப்பும் விளைகின்றன. இவற்றின் கணக்கை ஆளும் பொறிகளை எவரும் விலைக்கு வாங்கலாம். அப்பொறிகளுக்குப் பொறுப்பேற்கும் மனிதரை விலைக்கு வாங்குதல் இயலாது, ஆக்கவே இயலும். விழாக் காணும் எமது கல்லூரி அத்தகையோரை ஆக்குமாக.